மயில்கழுத்துச் சைக்கிளுக்குக் கண்ணாடிச் சட்டை

முஃபீதாவுக்கு ஒரு மூலை வேண்டியிருந்தது.

பேட்டையில் அவருடைய அண்ணன் தாஜ் முகம்மது செல்போன் கடை வைத்திருக்கிறார். உள்ளே சர்வீஸ், சார்ஜர், கவர். வாசலையொட்டி இடது பக்கம் ஒரு சின்ன மேசை. அதில் உட்கார்ந்து முஃபீதா போன்களுக்கு டெம்பர் கிளாஸ் ஒட்டுவார். அந்த மேசையைச் சுவரோடு தள்ளிப்போட்டால் பக்கத்தில் ஒரு சைக்கிள் நிற்க இடம் கிடைக்கும். அந்த இடத்துக்குத்தான் ஆனி மாதத்தில் இரண்டு பேர் போட்டி போட்டார்கள். ஒருவர் முஃபீதா. இன்னொருவர், கரும்பு ஜூஸ் மிஷினோடு ரோட்டோரம் வெயிலில் நின்று அலுத்துப்போன சுஜின்.

கழுத்தில் சிலுவைச் சங்கிலி ஆடச் சுஜின் தினமும் காலையில் வந்து மூலையைச் சாணால் அளந்துவிட்டுப் போவார்.

“நேத்து அளந்த மூலை இன்னைக்குச் சுருங்கியா போவும்?” என்பார் முஃபீதா.

“மூலை சுருங்கலக்கா. எம் மிஷினு வளருது. அதான் ஒரு எட்டு பாத்துக்கிடுதேன்.”

தாஜ் முகம்மதுவின் மனம் ஜூஸ் பக்கம்தான் சாய்ந்திருந்தது. ஜூஸ் குடிக்க வருகிறவர் சும்மா நிற்க மாட்டார், ஒரு கவராவது வாங்குவார் என்பது அவர் கணக்கு. தங்கை சொன்ன யோசனை அவருக்குப் பிடிபடவே இல்லை. சைக்கிளுக்குப் பிலிம் ஒட்டப்போகிறாளாம்!

யோசனை வந்தது ஷார்ஜாவிலிருந்து. முஃபீதாவின் கணவர் சல்மான் ஃபாரிஸ் அங்கே கார்களுக்குப் பிலிம் ஒட்டும் கடையில் வேலை செய்கிறார். கார் ஜன்னலில் ஒட்டும் கறுப்புப் பிலிம் இல்லை. இது பெயின்ட்டின் மேலேயே ஒட்டுவது. கண்ணாடி மாதிரித் தெளிவு, ரப்பர் மாதிரி இழுவை. கல் வந்து அடித்தால் அடியைப் பிலிம் வாங்கிக்கொள்ளும். ஒருநாள் வீடியோவில் அவர் ஒரு வேடிக்கை காட்டினார். ஒரு காரின் முன்மூடியில் ஒட்டியிருந்த பிலிமைக் கம்பி பிரஷ்ஷால் லேசாகத் தேய்த்தார். மெல்லிய கோடுகள் விழுந்தன. அதன் மேல் சுடுதண்ணீரை ஊற்றினார். கோடுகள் மங்கி மங்கி, இருந்த இடம் தெரியாமல் போய்விட்டன.

“மச்சான், இன்னொரு தடவ ஊத்துங்க!” என்று முஃபீதா கத்தியதில் கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

தாஜ் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இதெல்லாம் கம்ப்யூட்டர்ல செய்யுதது. சவத்த நம்பிக்கிட்டு நிக்கா பாரு.”

முஃபீதா நம்பினார். பேட்டையில் கார் வைத்திருப்பவர் அதைக் கழுவுவதே பெருநாளைக்குப் பெருநாள். ஆனால் சைக்கிள் கதை வேறு. இரண்டு மூன்று வருடங்களாக விடியற்காலையில் கடை முன்னால் ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியுமாகக் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள்கள் போகின்றன. டாக்டர், வக்கீல், வங்கிக்காரர், கல்லூரிக்காரர். ஒருவரும் தன் சைக்கிளை விட்டு இரண்டடி தள்ளி நின்றுகூட டீ குடிப்பதில்லை. ஓட்டும்போது பிரேக் கேபிள் உரசி, குதிகால் உரசி, பையின் வார் உரசி, டயர் எற்றும் சல்லிக்கல் தெறித்துப் பெயின்ட் போவதுதான் அவர்கள் பேச்சில் பாதி. அதைக் கேட்டுக் கேட்டு முஃபீதாவின் கை துறுதுறுத்தது.

கைக்குத் துறுதுறுக்க உரிமை உண்டு. ஓரம் வளைந்த திரையோடு போன்கள் வரத் தொடங்கியபோது பக்கத்துக் கடைகள் கையை விரித்தன. ஓரத்தில் காற்று நிற்கும், தூக்கிக்கொள்ளும். முஃபீதா மட்டும் மூச்சை அடக்கி, நடுவில் வைத்து, இரண்டு பெருவிரலாலும் வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே போய் ஒட்டினார். குமிழி இல்லை. டவுனிலிருந்து பஸ் ஏறி அவரிடம் ஒட்ட வந்தார்கள். அவர் ஒட்டுவதைப் பார்க்க மட்டும் வந்து நிற்கிறவர்களும் உண்டு.

கணவரிடம் கேட்டுப் பிலிம் வாங்கினார். பெரிய கார் ஒன்றுக்கு வெட்டியது போக மிஞ்சிய சுருளை முதலாளியிடம் சொல்லி வாங்கி, விடுப்பில் ஊருக்கு வந்த காயல்பட்டினத்து நண்பர் கையில் கொடுத்தனுப்பினார் சல்மான். அது ஒரு சைக்கிளுக்குப் போதும், கொஞ்சம் மிஞ்சும். அடுத்த ஆள் எப்போது வருவார் என்று தெரியாது.

அந்த ஒரு சைக்கிள் தானாகவே வந்து சேர்ந்தது.

சுகிர்தா பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் வேதியியல் நடத்துகிறார். வீடு டவுனில். பழைய இரும்புச் சட்டம் ஒன்றை வாங்கி, சக்கரமும் கியரும் புதிதாகப் போட்டு, பேட்டை தொழிற்பேட்டையில் கார்களுக்கு வண்ணம் அடிப்பவரிடம் கொண்டுபோய் நிறுத்தினார். கையில் தன்னுடைய பட்டுப்புடவை ஒன்று. “இந்த நெறம் வேணும்.” மயில்கழுத்து நிறம். நேராகப் பார்த்தால் நீலம், சாய்த்துப் பார்த்தால் பச்சை. அந்த வண்ணக்காரர் கலந்து கலந்து பார்த்து, வெயிலில் பிடித்து, நிழலில் பிடித்து, கடைசியில் கொண்டுவந்துவிட்டார். பிறகு கோயம்புத்தூருக்கு வேலை மாறிப் போய்விட்டார். எந்த அளவில் எதைக் கலந்தார் என்று அவருக்கே நினைவில்லை. இனி அந்த நிறம் அந்த ஒரு சைக்கிளில்தான் இருக்கிறது.

போனுக்கு டெம்பர் ஒட்ட வந்த சுகிர்தா, சைக்கிளைக் கடை வாசலில் நிறுத்தி, கண்ணை அதிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்: “ஞாயித்துக்கிழமை எல்லாருமா பாபநாசம் போறோம். கல்லிடைக்குறிச்சி தாண்டி ரோடு போடுதாங்களாம், சல்லியா கெடக்காம். எங்கப்பா பழைய வேட்டியக் கிழிச்சுச் சுத்திக்கிட்டுப் போன்னு சொல்லுதாரு.”

முஃபீதா எழுந்தே விட்டார். “அக்கா, வேட்டி வேண்டாம். எங்கிட்ட விடுங்க.”

அவர் விவரம் சொல்லச் சொல்ல, சுகிர்தாவுக்குச் சந்தேகமும் ஆசையும் மாறி மாறி வந்தன; கடைசியில் ஆசைதான் ஜெயித்தது. தாஜ் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு பேன்ட் பையில் கைவிட்டு நின்றார். அப்புறம் கடைக்கு நடுவில் வந்து பஞ்சாயத்து மாதிரிச் சொன்னார்:

“ஏளா, இந்த வண்டி பாபநாசம் போயிட்டு வரட்டும். நான் டார்ச் அடிச்சுப் பாப்பேன். பெயின்ட்டுல கீறல் இல்லன்னா மூலை ஒனக்கு. ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் சுஜினுக்கு. பொறவு மூஞ்சியத் தூக்கப்பிடாது.”

“அண்ணாச்சி வார்த்த வார்த்ததான,” என்றார் சுஜின், கரும்பை மிஷினுக்குள் விட்டபடி.

முதலில் தாஜின் பழைய சைக்கிளில் ஒரு துண்டை ஒட்டிப் பார்த்தார் முஃபீதா. போன் கிளாஸைக் காய்ந்த கையோடு ஒட்டலாம். இந்தப் பிலிமுக்குத் தண்ணீர் வேண்டும். ஷாம்பு கலந்த தண்ணீரைத் தெளித்தால் பிலிம் வழுக்கிக்கொண்டு உட்காரும், நகர்த்திச் சரிசெய்துவிட்டு ரப்பர் தகட்டால் தண்ணீரை வழித்து வெளியேற்றலாம். ஒட்டினார். அழகாக உட்கார்ந்தது. மறுநாள் பார்த்தால் உள்ளே வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது.

வீடியோவில் பார்த்த சல்மானுக்குப் புரியவில்லை. “இங்க அப்படி வந்ததே இல்லியே முஃபி. தண்ணி தெளிச்சுத்தான ஒட்டுத?”

“ஆமா மச்சான், தண்ணிதான்.”

“என்ன தண்ணி?”

முஃபீதா குழாயைத் திரும்பிப் பார்த்தார். போர்த்தண்ணி. அந்தத் தண்ணீர் வாளியில் கிடந்தாலே ஓரம் வெள்ளையடித்த மாதிரி ஆகிவிடும். குடிக்க ஆகாது, சோறு வடிக்க ஆகாது என்று தள்ளிவைக்கும் தண்ணீரைப் பிலிமுக்குத் தெளித்திருக்கிறார். ஷார்ஜாக் கடையில் வடிகட்டிய தண்ணீர்தான் வரும்; அதனால் சல்மானுக்கு இது தோன்றவே இல்லை. அன்று முதல் பிலிமுக்கு ஆற்றுத்தண்ணீர். தெருக்குழாயில் அது வரும்போது பிடித்து, துணியில் வடிகட்டி, மூடிவைத்தார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குத் தாஜ் கிளம்பிப் போனதும் சுகிர்தாவின் சைக்கிளில் வேலை தொடங்கியது. ஆனிக் காற்று ரோட்டுப் புழுதியை அள்ளிக்கொண்டு வந்தது. ஒரு தூசி உள்ளே போனால் முடிந்தது. முஃபீதா ஃபேனை நிறுத்தினார், தரையில் தண்ணீர் தெளித்தார், வாசலில் ஒரு கோரைப்பாயைத் தொங்கவிட்டு அதையும் நனைத்தார். செய்தித்தாளைக் குழாய்களில் சுற்றி அளவெடுத்து, தையல்காரர் மாதிரி வெட்டி, அதை வைத்துப் பிலிமை வெட்டினார். மேலே இருக்கும் பாருக்கு ஒரு நீளத் துண்டு. ஹேண்டில் கழுத்திலிருந்து பெடல் வரை சரிந்து இறங்கும் கீழ்க்குழாய்க்கு இன்னொன்று. முன் சக்கரம் எற்றும் சல்லி நேராக வந்து விழுவது அந்தக் கீழ்க்குழாயில்தான். பெரிய துண்டை அதற்கே ஒதுக்கினார்.

மேசைமேல் சாய்த்துவைத்த போனில் சல்மான் மதியச் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்திருந்தார்.

“பைய, பைய. இழுக்காத.”

“இழுக்கல மச்சான்.”

“இழுக்கியே, தெரியுதுல்லா.”

“நீங்க மொதல்ல அந்த மீன்முள்ளப் பாத்துத் தின்னுங்க.”

காரின் மேல்தகடு அகலம். தண்ணீரை ஒரே வழிப்பாக வழிக்கலாம். இங்கே குழாய் உருண்டை. ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் எழுந்தது. வெல்டிங் செய்த முடிச்சுகளில் சுருங்கியது. சல்மானின் யோசனைகள் ஒவ்வொன்றாகத் தீர்ந்துபோக, முஃபீதா ரப்பர் தகட்டை ஓரமாக வைத்துவிட்டு, வளைந்த திரைக்குச் செய்வதுபோல நடுவில் தொடங்கி இரண்டு பெருவிரலாலும் வெளியே தள்ளினார். பிலிம் படிந்தது. ஹேர் டிரையரின் சூட்டில் ஓரங்கள் மடங்கி அடங்கின. ஷார்ஜாவில் தட்டு கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது. “யே, வேற ஆளுதான் நீ!”

சாயங்காலம் சுகிர்தா வந்தார். சைக்கிளைச் சுற்றி வந்தார். குனிந்தார். தடவினார்.

“எப்போ ஒட்டப்போறீங்க?”

“ஒட்டியாச்சுக்கா.”

“எங்க?”

சுஜின் சிரித்த சிரிப்பில் கரும்பு மிஷின் நின்றுபோனது. சுகிர்தா ஓரத்தை நகத்தால் தேடிக் கண்டுபிடித்தபோது, சின்னப்பிள்ளை மாதிரிக் கையைத் தட்டினார்.

அந்த ஓரத்தை மறுநாள் இன்னொருவரும் கண்டுபிடித்தார்.

சுகிர்தாவின் அப்பா சிவசண்முகம் வருவாய்த்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர்கள் வீட்டில் தையல் மிஷின் வந்தாலும், மோட்டார் வந்தாலும், முதலில் பூசை, பிறகுதான் தொடுவது. மகள் இந்தச் சைக்கிளுக்கு மட்டும் அப்புறம், அப்புறம் என்று தள்ளிக்கொண்டே வந்தார். நாளைக்கு அத்தனை தூரம் போகிற வண்டி. மகள் சனிக்கிழமை வகுப்புக்குப் போன நேரத்தில் அவர் தெருமுனைப் பிள்ளையார் கோயிலுக்குச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்.

திருநீற்றைக் குழைத்துப் பூசினார், வழுக்கியது. சந்தனம் வைத்தார், நிற்கவில்லை. கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் குனிந்து பார்த்தால் பளபளவென்று ஓர் உறை. மகள் பிலிம் பற்றி அவரிடம் மூச்சுவிட்டிருக்கவில்லை; புதுச் சாமானோடு வரும் பிளாஸ்டிக் என்று அவர் முடிவுகட்டினார். அவர் வீட்டு டிவி ரிமோட்டில் கடைக்காரர் போட்ட உறை இன்னும் இருக்கிறது. ஃபிரிட்ஜ் கதவில் ஸ்டிக்கர் கூட இருக்கிறது. அதெல்லாம் வீட்டுக்கு. சாமி முன்னால் உறையோடு நிற்பது எப்படி? ஓரத்தை நகத்தால் கிளப்பி இழுத்தார். வெந்த முட்டைத் தோல் மாதிரி நழுவிக்கொண்டு வந்தது. வருகிற அழகில் அவருக்கே உற்சாகம் பிறந்து கீழ்க்குழாய் முழுவதையும் உரித்துவிட்டார். உரித்ததை உருட்டிக் குப்பைக் கூடையில் போட்டார். பிறகு பட்டையாகத் திருநீறு, சந்தனம், குங்குமம், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். ஒரு படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டார்.

கல்லூரி ஓய்வறையில் சுகிர்தா அந்தப் படத்தைப் பெரிதாக்கினார். குங்குமம். சந்தனம். பின்னால் குப்பைக் கூடையிலிருந்து எட்டிப் பார்க்கும் ஒரு பளபளப்பு. இன்னும் பெரிதாக்கினார். அவர் போட்ட சத்தத்தில் பக்கத்தில் ஒருவர் டீயைக் கொட்டிக்கொண்டார்.

மதியம் கடை முன்னால் சைக்கிள் வந்து நின்றது. பின்னாலேயே ஸ்கூட்டரில் சிவசண்முகம்.

முஃபீதா பார்த்தார். சிவசண்முகம் பையில் எடுத்துவந்திருந்த பிலிம் உருண்டையை வாங்கிப் பிரிக்கப் பார்த்தார். பசை பசையோடு ஒட்டிக்கொண்டு கல்லாகிவிட்டது.

“ஏம்மா, புதுசோட வாற உறைன்னுல்லா நெனச்சேன்,” என்றார் சிவசண்முகம். “சாமிக்கு முன்னால பிளாஸ்டிக் மேல பொட்டு வைக்கவா முடியும்? நீயே சொல்லு.”

“யப்பா, நீங்க பேசாம இருங்க,” என்றார் சுகிர்தா. கண் கலங்கியிருந்தது. “முஃபீதா, நான் நாளைக்குப் போகல. மத்தவங்க எல்லாரும் போவட்டும்.”

“சோலி முடிஞ்சு,” என்றார் தாஜ், உள்ளேயிருந்து. அதில் சந்தோஷம் இல்லை. ஆனால் முடிவு இருந்தது. வண்டி போகாவிட்டால் பந்தயமும் இல்லை, மூலையும் இல்லை. சுஜின் பழக்கதோஷத்தில் சாண் போட்டு அளக்க வந்தவர், முஃபீதாவின் முகத்தைப் பார்த்துக் கையை மடக்கிக்கொண்டார்.

“நீங்க போறிய அக்கா,” என்றார் முஃபீதா. “கண்டிப்பாப் போறிய. எனக்கு நீங்க போணும்.”

பிஸ்கட் டப்பாவைத் திறந்தார். வெட்டியதில் மிஞ்சிய பிலிம் துண்டுகள் எல்லாவற்றையும் தாளுக்கு நடுவில் அடுக்கி வைத்திருந்தார். உள்ளங்கை அகலம், இரண்டு விரல் அகலம், ஒன்றுகூடக் குழாயின் நீளத்துக்கு இல்லை. போனில் சல்மானைக் கூப்பிட்டார்.

“துண்டு துண்டா ஒட்டவா?” சல்மான் பதறினார். “எங்க மொதலாளி பாத்தா அன்னைக்கே டிக்கெட் எடுத்து அனுப்பிருவாரு. ஒவ்வொரு ஓரத்துலயும் மண்ணு ஏறும், காத்து ஏறும், கெளம்பிரும்.”

“ஓரத்துல ஏறாம ஒட்டுனா?”

“எப்பிடி?”

முஃபீதா ரோட்டைப் பார்த்தார். எதிரே பழைய ஓட்டுக்கட்டடம் ஒன்று. மழைத்தண்ணீர் அதன் மேல் ஓடுகிறது, ஓட்டுக்குள் ஓடுவதில்லை. மேல் ஓட்டின் நுனி கீழ் ஓட்டின் தலையை மூடியிருக்கிறது. கீழ்க்குழாயும் கூரை மாதிரிச் சரிவுதான். சல்லி முன்னாலிருந்து பின்னால் பறக்கும், மேலிருந்து கீழே வழுக்கும்.

“மச்சான், ஓடு வேயிற மாதிரி. பெடல் பக்கத்துலருந்து மேல ஏறி ஏறி ஒட்டுதேன். மேல் துண்டு கீழ் துண்ட மூடும். கல்லுக்கு ஓரமே அம்புடாது!”

சல்மான் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தார். “ஒட்டு. ஒட்டு. நான் போன வைக்கல.”

முதலில் குழாயைச் சுத்தம் செய்ய வேண்டும். சுகிர்தா கைக்குட்டையை எடுத்துத் துடைக்கப் போனார். முஃபீதா கையைப் பிடித்துவிட்டார். “காஞ்ச திருநீறு அக்கா! தேச்சா உப்புத்தாள் மாதிரி இழுத்துரும். தண்ணிய ஊத்தித்தான் எறக்கணும்.”

“அழிக்கப் போறியா?” சிவசண்முகம் குறுக்கே வந்து நின்றார். “நாளைக்குப் பயணம். வச்ச பொட்ட அழிச்சிட்டு வண்டிய அனுப்பவா?”

“யப்பா!”

“நீ சும்மா இரு. எம் பிள்ள அவ்வளவு தூரம் போறா, எனக்கு மனசு கெடந்து அடிக்கி. இது வெளையாட்டு இல்ல.”

முஃபீதா அவரைப் பார்த்தார். தனக்கும் இப்படி ஒரு வழக்கம் உண்டு. ஷார்ஜாவுக்குச் சல்மான் கிளம்பும் ஒவ்வொரு முறையும் ஓதிய தண்ணீரைக் குடிக்கவைக்காமல் அவர் அனுப்பியதில்லை.

“சார், அழிக்க வேண்டாம். ஒரு எடம் சொல்லுங்க. கல்லு படாத எடமா. அத விட்டுட்டு ஒட்டுதேன்.”

ஹேண்டிலுக்குக் கீழே, கழுத்தின் முன்பக்கத்தில், கேபிள்கள் மறைக்கிற ஓர் இடத்தைச் சுகிர்தாவே காட்டினார். அங்கே இருந்த குங்குமத்தைத் தொடாமல், அதைச் சுற்றி வட்டமாகப் பிலிம் வெட்டினார் முஃபீதா. மீதியில் ஆற்றுத்தண்ணீரை மெல்ல ஊற்றி இறக்கினார். சிவசண்முகமே சொம்பைப் பிடித்தார். பிறகு ஒவ்வொரு துண்டாக, கீழேயிருந்து மேலே. வந்த வாடிக்கையாளர்களைத் தாஜே பார்த்துக்கொண்டார். தங்கையின் மேசைக்கு ஒருவரையும் விடவில்லை. பள்ளிவாசலில் மாலைத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்லி முடித்த பிறகு கடைசித் துண்டு உட்கார்ந்தது. வெயிலில் பிடித்தால் மட்டும் கோடுகள் தெரிந்தன, மீன் செதிள் மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை விடிகிற நேரம் சைக்கிள்கள் பேட்டையைக் கடந்து மேற்கே போயின. முஃபீதா வாசலில் நின்று கையசைத்தார். பிறகு நாள் நகரவே இல்லை.

முதல் குரல்செய்தி அம்பாசமுத்திரத்துக்கு முன்னாலிருந்து வந்தது. பின்னால் காற்று இரைந்தது. சுகிர்தாவுக்கு மூச்சு வாங்கியது. “முஃபீதா, சல்லிக்குள்ள போறோம். டிங், டிங்னு கேக்கு. முன்னால போற லாரி வேற வாரி எறைக்கி. ஒவ்வொரு சத்தத்துக்கும் எனக்கு உசுரு போயிட்டு வருது!”

முஃபீதா அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். ஒவ்வொரு டிங்கும் பிலிமில் பட்டதா, பெயின்ட்டில் பட்டதா? சத்தத்தை வைத்து எப்படிச் சொல்வது?

இரண்டாவது செய்தி பாபநாசத்திலிருந்து. “சாரல், சேறு, வண்டி நெறமே தெரியல. நான் பாக்கவே இல்ல. ஒங்க முன்னாலதான் பாப்பேன்.”

திரும்பும்போது அவர்கள் சேரன்மகாதேவியிலிருந்து பத்தமடை வழியாக வந்தார்கள். சுகிர்தா வழி முழுக்கக் கதை சொல்லியிருக்கிறார். டவுனில் கலைய வேண்டிய கூட்டம் கலையாமல் பேட்டைக்கு வந்தது. மதிய வெயிலில் கடை முன்னால் ஒரே சைக்கிள் மயம். சுஜினின் கரும்பு மிஷின் அன்றைக்கு நிற்கவே இல்லை.

சிவசண்முகம் முன்பே வந்து காத்திருந்தார். சல்மான் மேசைமேல், போனில். தாஜ் டார்ச்சோடு இறங்கினார்.

சைக்கிள் சேற்றுக் கட்டியாக நின்றது. தண்ணீர் ஊற்றிச் சேற்றை இறக்கினார்கள். மயில்கழுத்து வெளியே வந்தது. தாஜ் டார்ச்சை அடித்தார். கூட்டம் குனிந்தது.

கீழ்க்குழாய் முழுக்கக் கோடுகள். மெல்லிய, வெள்ளை வெள்ளையான கீறல்கள், பூனை பிறாண்டியது மாதிரி. தாஜ் டார்ச்சை இறக்கினார்.

“என்னளா இது, இவ்வளவு இருக்கு.”

சுகிர்தா வாயைப் பொத்திக்கொண்டார். சுஜின் கூட அளக்கவில்லை.

முஃபீதா பக்கத்து டீக்கடையைப் பார்த்துக் கத்தினார்: “அண்ணாச்சி, ஒரு சொம்பு சுடுதண்ணி! ஓடியாங்க!”

“கொதிக்கது வேண்டாம் முஃபி, கை பொறுக்கிற சூடு!” என்று சல்மான் போனிலிருந்து அலறினார்.

பச்சைத்தண்ணீரைக் கலந்து, புறங்கையில் விட்டுப் பார்த்து, குழாயின் தலையிலிருந்து ஊற்றினார். ஆவி எழுந்தது. தண்ணீர் ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்கு இறங்கி ஓடியது. முதலில் ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் ஊற்றினார். ஒரு கோடு மங்கியது. பக்கத்துக் கோடு மங்கியது. பிறகு கண்ணெதிரே, எழுதியதை யாரோ அழித்துக்கொண்டு வருகிற மாதிரி, கோடுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின.

“யே பாரு, பாரு, பாரு!” என்று பின்னாலிருந்தவர்கள் முன்னாலிருந்தவர்கள் முதுகில் ஏறினார்கள். ஒருவர் ஹெல்மெட்டைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார். சிவசண்முகம் தாஜின் தோளை உலுக்கினார்: “ஓய், பாத்தீரா, பாத்தீரா!”

தாஜ் பார்த்துக்கொண்டிருந்தார். “அப்போ அது கம்ப்யூட்டர் இல்லியா,” என்று மட்டும் சொன்னார்.

ஒரே ஓர் இடம் போகவில்லை. நடுத் துண்டு ஒன்றில் கூரான சல்லி ஆழமாகக் கிழித்திருந்தது. கூட்டம் மறுபடி குனிந்தது. முஃபீதா ஹேர் டிரையரால் சூடு காட்டி, நகத்தால் கிளப்பி, அந்த ஒரு துண்டை மட்டும் உரித்தார். சிவசண்முகம் உரித்த மாதிரியே, வெந்த முட்டைத் தோல் மாதிரி வந்தது. தாஜ் டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனார். அடியில் நீலம். சாய்த்தார். பச்சை. கீறல் இல்லை. மிஞ்சிய துண்டிலிருந்து அதே அளவு வெட்டி, பேசிக்கொண்டிருக்கும்போதே முஃபீதா அந்த இடத்தை மூடிவிட்டார்.

“ஒரே துண்டா இருந்தா முழுசையும் உரிக்கணும்,” என்றது ஷார்ஜா. “முஃபி, இது நல்லாருக்குல்லா! கார்லயே செய்யலாம் போலுக்கே!”

தாஜ் விடவில்லை. கழுத்து வரை டார்ச் அடித்துக்கொண்டே போனார். ஹேண்டிலுக்குக் கீழே நின்றார். “இங்க ஒண்ணு செவப்பா இருக்கு. இது என்ன?”

“தொடாதீரும் வே!” சிவசண்முகம் பாய்ந்து அவர் கையைத் தட்டிவிட்டார். “அது குங்குமம்!”

சிரிப்பு அடங்க நேரம் பிடித்தது. தாஜ் டார்ச்சை அணைத்துப் பையில் போட்டார். உள்ளே போனார். முஃபீதாவின் மேசையைத் தானே பிடித்து, கிளாஸ் டப்பாக்கள் மேலே குலுங்கக் குலுங்கச் சுவரோடு தள்ளினார். மூலை திறந்தது. சைக்கிளை உருட்டி அதில் நிறுத்திப் பார்த்தார். அளவு சரியாக இருந்தது.

“வச்சிக்கோ. ஆனா கடைக்குள்ள தண்ணி தெளிச்சேன்னா நீதான் கூட்டணும்.”

முஃபீதா பதில் சொல்ல வாயெடுக்கும் முன் சைக்கிள்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். எனக்கு எப்போ, எனக்கு எப்போ என்று ஆளாளுக்கு. பிலிம் வரவேண்டும், காயல்பட்டினத்துக்காரர் யாராவது விடுப்பில் வரவேண்டும், அதுவரை பொறுங்கள் என்று அவர் சொல்லிப் பார்த்தார். போனில் சல்மான் மாலைக்குள் ஆள் பிடிக்கிறேன் என்றார். முன்னால் நின்ற டாக்டர் ஒருவர் தன் சிவப்புச் சைக்கிளை இப்போதே விட்டுவிட்டுப் போகிறேன் என்று உள்ளே தள்ளினார்.

முஃபீதா கையை நீட்டி மறித்தார்.

“புதுசா சார்?”

“போன வாரந்தான் எடுத்தேன்.”

“பூசை முடிஞ்சிட்டா?”

டாக்டர் விழித்தார். “அது எதுக்கு?”

“முடிச்சிட்டுக் கொண்டாங்க. முடிஞ்சாத்தான் ஒட்டுவேன். பொட்டு எங்க வைக்கணும்னு வீட்டுல பெரியவங்ககிட்டக் கேட்டுட்டு வாங்க. எடம் விட்டு ஒட்டுதேன்.”

சிவசண்முகம் பெருமையாகத் தலையாட்டினார், தானே கண்டுபிடித்த முறை மாதிரி.

சுஜின் கடைசிக் கரும்பைப் பிழிந்துவிட்டு வந்தார். மூலையை இந்தத் தடவை அளக்கவில்லை. கடை முன்னால் நிழல் விழும் இடத்தைக் காலால் அளந்துகொண்டிருந்தார். இவ்வளவு பேர் காத்துக் கிடந்தால் அங்கேயே வியாபாரம் நடக்கும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

“அக்கா, எம் மிஷினுக்கும் புதுசா பெயின்ட் அடிக்கலாம்னு இருக்கேன். பிலிம் ஒட்டுவியளா?”

“ஒட்டலாமே. சர்ச்சுல ஃபாதர்ட்டக் குடுத்து மந்திரிச்சாச்சா?”

“இன்னும் இல்ல.”

“மந்திரிச்சிட்டு வாங்க,” என்றார் முஃபீதா, அடுத்த சைக்கிளின் பாரில் கை வைத்தபடி.